ஏரிக்கரையும் இல்லற நோன்பும்



 

மழைக்காலம் வந்ததும் நம் துறவியர் தம் நடையை நிறுத்திக்கொள்கின்றனர். நான்கு திங்கள் ஓரிடத்திலேயே தங்கும் அந்நோன்பைச் சாதுர்மாசியம் என்கிறோம். மழை விழுந்த மண்ணில் புல்லும் பூச்சியும் புழுவும் பல்கிப் பெருகும்; வழிநடையில் அவை மிதிபட்டு மடியும்; ஆதலின் கால்கள் ஓயட்டும் என்பதே அதன் கருத்து. துறவிக்கு மழை தரும் நோன்பு இது. இல்லறத்தானுக்கு மழை தரும் நோன்பு யாது? விழுந்த நீரை வீணாக்காமல் தடுத்து நிறுத்தி, ஊருக்கும் பயிருக்கும் வாய் பேசாத உயிர்களுக்கும் பகிர்ந்தளிப்பதே அந்நோன்பு. நம் முன்னோர் அதற்கு ஏரி என்று பெயரிட்டனர்.

ஏரி என்றால் நீர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஏரி என்பது கரை. மண்ணைக் குவித்து வளைத்த ஒரு சிறு கரை இல்லையேல் நீர் ஓடிவிடும். நீர் ஓடிவிட்டால் நாரையும் இல்லை, நெல்லும் இல்லை. அக்கரையைப் பற்றியும், அது நமக்கு விடுக்கும் ஒரு கேள்வியைப் பற்றியும் இவ்விதழில் சிந்திப்போம்.

ஒரு பெரியவரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாலாற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஜினாலயத்தில் உரையாற்றச் சென்றிருந்தோம். எடுத்துக்கொண்ட பொருள் அஹிம்சை. உரை முடிந்து ஆரத்தியும் ஆனபின் முதியவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"ஐயா, என் மகன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறான். தோலைக் கையால் தொடுவதில்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். அந்தப் பணத்தில் பகவானுடைய அபிஷேகத்துக்குப் பால் வாங்கலாமா?" என்று கேட்டார்.

அதுவரை அஹிம்சையைப் பற்றி ஓயாது பேசிய நமக்கு விடையாக ஒரு சொல்லும் எழவில்லை. "காலையில் பேசுவோம், பெரியவரே" என்று சொல்லி அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் விடியலில் அவர் நம்மைத் தம் ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார். முந்தைய வாரம் நல்ல மழை. முக்கால் ஏரி நிரம்பியிருந்தது. நடுவிலிருந்த கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் இறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. முக்குளிப்பான் ஒன்று மூழ்குவதும் எழுவதுமாக இருந்தது. கரையின் உட்சரிவில் ஒரு நண்டு வளை பெரியவர் கண்ணில் பட்டது. உடனே குந்தியமர்ந்து, விரலால் மெல்லத் துழாவி, நண்டை வெளியே எடுத்து நீரோரத்தில் விட்டார். பிறகு களிமண்ணைப் பிசைந்து வளையை இறுக அடைத்தார்.

"என் தாத்தா சொல்லிக் கொடுத்தது, ஐயா. நண்டை உள்ளே வைத்து அடைத்தால் நண்டு சாகும். அடைக்காமல் போனால் ஏரி சாகும்" என்றார்.

இரவெல்லாம் நாம் தேடிக்கொண்டிருந்த விடையின் வாயில் அங்கே திறந்தது என்றே சொல்ல வேண்டும்.

கரை கற்பிக்கும் அறம்

மண் கரை எவ்வாறு அழிகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். பெருவெள்ளம் மோதி உடைவதைக் காட்டிலும், எலி வளையிலும் நண்டு வளையிலும் நீர் கசிந்து உடைவதே எளிது. கசிவு சிறிது சிறிதாக மண்ணை அரித்துக்கொண்டு போகும். உள்ளே குழல்போல ஒரு வழி உண்டாகும். ஒரு நாள் அவ்விடத்தில் கரை அமிழ்ந்துவிடும். மற்றொரு வகை, நீர் கரையின் தலைக்கு மேல் வழிந்து ஓடுதல். கல்லணையாயின் தாங்கும், மண் கரையோ வழியும் நீரில் கரைந்துபோகும். ஆதலின் நம் முன்னோர் கரையைவிடத் தாழ்ந்த மட்டத்தில் ஒரு பக்கம் கலங்கல் அமைத்தனர். அளவுக்கு மிஞ்சிய நீர் அதன் வழியே அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். அலை மோதும் உட்புறத்தில் அலைகல் பதித்தனர். வயலுக்கு விடும் நீரை மதகில் அளந்து விட்டனர். முறை வைத்து நீர் பாய்ச்ச ஒருவரை அமர்த்தினர்.

இவற்றில் நம் அறநூற் கருத்துகள் தெரிகின்றன அல்லவா? உயிர், உயிரல்லது, புண்ணியம், பாவம், ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு என நவபதார்த்தங்களை நம் முன்னோர் இனிய தமிழில் வழங்கினர். வினை உயிருக்குள் வந்து சேர்வதை ஊற்று என்றும், அதைத் தடுப்பதைச் செறிப்பு என்றும் கூறினர். நீர் வரும் வாயில்களை அடைத்து, உள்ளிருக்கும் நீரை வெயிலில் வற்றச் செய்வதுபோல வினையைத் தடுத்து உதிர்க்க வேண்டும் என்று விளக்கும்போது நம் ஆசிரியர்கள் ஏரியையே உவமையாக எடுத்தாண்டனர்.

உவமையில் ஒரு வேறுபாடு உண்டு. உயிருக்குள் வரும் வினைநீரை முழுதும் தடுத்தல் வேண்டும். ஊர் ஏரிக்கோ மழைநீர் வர வேண்டும். நஞ்சு வரக் கூடாது. வரத்துக்கால் திறந்திருக்க வேண்டும். கண்ட கழிவும் அதில் கலவாதபடி காத்தலும் வேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பகுத்தறியும் விழிப்பே செறிப்பு. கலங்கல் கற்பிப்பதோ பரிமிதப் பரிக்கிரகம் என்னும் பொருள்வரைதல் நோன்பு. என் அளவு இவ்வளவு. அதற்கு மேல் வந்தது பிறருக்கு உரியது என்று ஏரி ஆண்டுதோறும் கூறிக்கொண்டிருக்கிறது. அளவை மீறித் தனக்கே தேக்க முயலும் மண் கரை உடையும். செல்வம் சேர்ப்போர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

ஏரி தோண்டுவது பாவமா?

இங்கே நம்மவர் சிலர் ஒரு வினா எழுப்பலாம். மண்ணும் ஓரறிவுயிர், நீரும் ஓரறிவுயிர். கரை எழுப்பினால் மண்ணில் வாழும் எண்ணற்ற உயிர்கள் மடியுமே. நாம் அதில் ஈடுபடலாமா?

ஹிம்சையை நம் ஆசிரியர்கள் நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்றே கருதிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. சமையல், துப்புரவு முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. துறவி நான்கையும் விடுகிறார். இல்லறத்தான் முதலாவதை முற்றிலும் விட வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். குறைப்பதற்கு வழி கருத்தோடு செய்தல். பெரியவர் நண்டை எடுத்துவிட்டு வளையை அடைத்தாரே, அதுவே அக்கருத்து.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலனோடும் கண்ணகியோடும் புறப்படும்போது வழியின் இடர்களை எடுத்துரைப்பார்.  வயல்வழியே சென்றால் நண்டும் நத்தையும் நம் காலடியில் நசுங்குமே என்றும் அஞ்சுகிறார். அதற்காக அவர் பயணத்தைக் கைவிடவுமில்லை, பார்த்து நடந்தார். நடக்காமல் இருப்பதும், பார்க்காமல் நடப்பதும் எளியவை. பார்த்து நடப்பதே அரிது.

இவ்வட்டாரத்திலேயே இதற்கொரு சான்று கல்லில் உண்டு. ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது கி.பி. 945ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அருகிலுள்ள திருப்பான்மலையின் அரிட்டநேமி பிடாரருடைய மாணவியார் பட்டினிக் குரத்தியடிகள் என்பவர் அவ்வூரில் கிணறு எடுப்பித்ததையும், பெண் துறவியர்க்குப் பள்ளி அமைத்ததையும் அது கூறுகிறது. குரத்தி என்றால் ஆசிரியை. பட்டினி என்ற பெயரே அவருடைய நோன்பைச் சொல்கிறது. உணவையும் நீரையும் தாம் சுருக்கிக்கொண்ட ஓர் அம்மையார் ஊருக்கு நீர் தந்தார்! மண்ணைத் தோண்டுவதில் உயிர் மடியும் என்பதை அவர் அறியாதவரா? அறிந்தும் அக்கிணறு எழுந்தது. ஆயிரத்து எண்பது ஆண்டுகள் ஆகியும் அவருடைய பெயர் நீரோடு சேர்ந்தே நிற்கிறது.

ஆம்பூர்ப் பக்கம் மலையம்பட்டை அடுத்த அர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். திருப்பான்மலை, வள்ளிமலை, அர்மாமலை ஆகிய இம்மலைகளில் தங்கித் தவம் புரிந்த முனிவர்கள் கீழே பார்த்தது என்ன? பாலாற்றின் வெண்மணலும், அதன் இருபுறமும் அடுக்கடுக்காக மின்னிய ஏரிகளும் அன்றோ! தோற்பதனிடும் நாடு என்று இன்று உலகம் அறிந்திருக்கும் இந்நிலம் ஒரு காலத்தில் நம் அறவோர் நடந்த நிலம். அதை நாம் மறக்கலாகாது.

ஏரி சமயம் கேட்பதில்லை

பாலாற்றின் கீழ்ப்பகுதியில், இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில், மகேந்திரவாடி என்னும் ஊர் உளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் தன் பெயரால் அமைத்த ஏரிக்கரையருகே பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான் என்பதை அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது. இம்மன்னன் முதலில் நம் சமயத்தைச் சார்ந்திருந்து பின்னர்ச் சைவம் தழுவினான் என்பது வழிவழிச் செய்தி. அதை நினைத்து வருந்துவோர் நம்மில் உண்டு. நாம் வேறொன்றை நினைக்கிறோம். அவன் சமயம் மாறியது. அவன் கட்டிய கரை மாறவில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அவ்வேரி எவரையும் எச்சமயத்தவர் என்று கேட்டு நீர் தந்ததில்லை. காவேரிப்பாக்கம் பேரேரியும் பல்லவர் காலத்ததே.

வாலாஜாபேட்டைக்கு அருகே 1858ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பாலாறு அணைக்கட்டிலிருந்துதான் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்குக் கால்வாய்கள் செல்கின்றன. இதன் பொருளை உணருங்கள். நந்தி மலையில் பிறந்து, கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து தமிழகத்துக்குள் வரும் பாலாறு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை ஒட்டி வந்த பின்னரே அவ்வணைக்கட்டை அடைகிறது. மேலே ஆற்றில் விடப்பட்டது எதுவாயினும் அது கீழே வரும் வழியில் அப்பழைய கரைகள் காத்திருக்கின்றன. மகேந்திரன் ஏரியின் வரத்துக்கால் ஆம்பூரிலேயே தொடங்குகிறது என்று சொன்னால் பிழையாகாது.

திருப்பித் தருவது எதை?

நம் இல்லங்களில் பாட்டிமார் நீரை மடித்த துணியில் வடிகட்டுவதை இளமையில் கண்டிருப்பீர்கள். வடிகட்டுதலோடு அச்செயல் முடிவதில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களைத் துளி நீரோடு, எந்தக் கிணற்றில் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பார்கள். நீரை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு; அதில் வாழும் உயிர்க்கு அதன் வீட்டைத் திருப்பித் தரும் கடமையும் உண்டு. இதைவிடச் சிறந்த நீர்ச்சட்டம் எந்நாட்டில் உண்டு?

இச்சட்டத்தை அளவுகோலாகக் கொண்டு நம் ஆற்றைப் பார்ப்போம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தோற்சாலைகள் பற்றிய வழக்கில் தீர்ப்பு வழங்கியது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்றும் அதில் எடுத்துரைக்கப்பட்டது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஆற்றிலிருந்து எடுத்தது நன்னீர். திருப்பித் தந்தது உப்பும் குரோமியமும்.

2015 சனவரி 31 அன்று விடியற்காலையில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அச்சேற்றில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள். நீரைத் தேக்கிய கரை ஆயிரம் ஆண்டு ஊரைக் காத்தது. நஞ்சைத் தேக்கிய சுவர் உறங்குவோரை விழுங்கியது. கரை ஒன்றுதான், அதனுள் எதை வைக்கிறோம் என்பதில் அன்றோ அறமும் மறமும் பிரிகின்றன! கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல ஏற்பட்ட பின்னரும் துன்பம் முற்றிலும் தீரவில்லை. ஆதலின் 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவும், அதனை மாசு செய்தவரிடமிருந்து பெறவும், ஆற்றை மீட்கக் குழு ஒன்று அமைக்கவும் ஆணையிட்டது.

தோல் வணிகம் செய்வோரை இகழ்வதற்காக இவற்றை எழுதவில்லை. அநேகாந்தவாதம் கற்ற நாம் ஒரு பக்கம் மட்டும் பார்த்தல் தகாது. ஆம்பூர்த் தொழிற்சாலையில் காலணி தைக்கும் பெண்ணுக்கு அவ்வூதியமே அடுப்பெரிக்கிறது. கரையோர உழவருக்கு அவருடைய கிணற்றின் உப்பே கண்ணீர். ஆற்றின் மீனுக்கும் தவளைக்கும் கண்ணீர் விடவும் வழியில்லை. மூன்றும் உண்மை. நம் காலில் கிடப்பது தோலாயின், நம் இடையில் கட்டியிருப்பது தோலாயின், நான்காவது உண்மை நாம். இல்லறத்தார் விலக்க வேண்டிய கொடுந்தொழில்கள் 15 என்று நம் நூல்கள் வகுத்துள்ளன. தோல், தந்தம் முதலிய விலங்குறுப்பு வாணிகம் அவற்றுள் ஒன்று. ஏரி குளங்களை வற்றச் செய்தலும் ஒன்று. முதலாவதை நம்மவர் அறிவர். இரண்டாவதை மறந்தோம். தோலைத் தொடாத நம் கைகளே எத்தனை ஊர்களில் வரத்துக்காலை வளைத்து மனையாக்கியிருக்கின்றன? எத்தனை ஏரிகள் நம் கண்ணெதிரே தூர்ந்தன?

பறவைக்காகக் காத்த கரைகள்

சிறு கரை ஒன்று எத்தனை உயிருக்கு இடமாகும் என்பதைக் காண மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலுக்குச் செல்லுங்கள். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிற்றேரி அது. அங்கே தங்கும் பறவைகளைத் துப்பாக்கியால் சுட வந்தவர்களைப் பொறாத ஊர் மக்கள், 1798ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றனர். 1936இல் அது சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எனப் பல இனங்கள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் மதகின் வழியே வயலுக்குச் சென்று உரமாகிறது. பறவையைக் காத்தவர்க்குப் பறவை பயிரைக் காத்துத் தருகிறது.

சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி கண்மாய்கள் உள்ளன. 38.4 ஹெக்டேர் பரப்புடைய இவை 1977இல் பறவைகள் சரணாலயமாயின. கூட்டிலுள்ள குஞ்சுகள் அஞ்சும் என்பதற்காக அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அன்பர்களே, தீபாவளி நமக்கு எந்நாள்? மகாவீர பகவான் வீடுபேறு எய்திய நாள் அல்லவா? அவர் திருப்பெயரை அன்றாடம் ஓதும் நம் தெருக்களில் அன்று வெடியோசை கேட்கிறது. அவர் பெயரை ஓதாத அக்கிராமத்திலோ, அன்று அவர் அறம் அமைதியாக நடைபெறுகிறது. நாணவும் மகிழவும் இதில் இடமுண்டு.

நீர்நிலையில் பொழுதுபோக்கு

ஏரிக்குச் சென்று மனம் மகிழ்வது பாவமில்லை. ஏலகிரி மலையின் புங்கனூர் ஏரிக்கும், குடியாத்தத்தை அடுத்த மோர்தானா அணைக்கும், காணும் பொங்கலன்று ஊர்தோறும் உள்ள ஏரிக்கரைகளுக்கும் நம் குடும்பங்கள் குழந்தைகளோடு செல்கின்றன. நிரம்பிய நீரைக் கண்டு குளிராத மனம் உண்டோ? ஆயினும் அருங்கலச்செப்பு முதலிய நம் இல்லற நூல்கள் அநர்த்த தண்டம் என்னும் ஒரு குற்றத்தைச் சொல்கின்றன. பயனின்றிச் செய்யும் தீங்கு என்பது அதன் பொருள். காரணமின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கலக்குதல், செடியை முறித்தல் ஆகியவையும் அதில் அடங்கும்.

கரையோரம் உட்கார்ந்து சோறுண்டு, பிளாஸ்டிக் பையை நீரில் எறிந்துவிட்டு வருவது அநர்த்த தண்டம். தாழைக்கோழி பறப்பதைப் பார்க்கக் கல்லெறிவது அநர்த்த தண்டம். கூடுள்ள மரத்தருகே ஒலிபெருக்கி வைப்பதும் அதுவே. தேவைக்காகச் செய்த தீங்கிற்காவது இரங்க இடமுண்டு. விளையாட்டுக்காகச் செய்த தீங்கிற்கு என்ன சொல்லித் தேற்றுவோம்? குழந்தையைக் கரையில் அமர்த்திக் கால் நாழிகை பேசாதிருக்கச் செய்யுங்கள். வந்திறங்கும் பறவையை அது எண்ணட்டும். அதுவும் ஒரு சாமாயிகமே.

பெரியவருக்குச் சொன்ன விடை

அன்று காலை கலங்கலின் மேல் அமர்ந்து பெரியவரிடம் நாம் சொன்னது இது.

"பெரியவரே, அந்தப் பணத்தில் பால் வாங்கினால் பகவானுக்கு ஒரு குறையும் இல்லை, விருப்பு வெறுப்பற்றவருக்கு அபிஷேகம் எதற்கு? அபிஷேகம் நம் மனத்தைக் கழுவுவதற்கு. ஆதலின் பால் தூயதா என்று கேட்பதைவிட, மகன் தூய்மையை நோக்கி நடக்கிறானா என்று கேளுங்கள். வேறு தொழில் கிட்டுமாயின் அவன் மாறட்டும். அதுவரையில் கணக்கெழுதும் அவனுக்குத்தான் எவ்வளவு நீர் உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே சென்றது என்பது தெரியும். அக்கணக்கில் பொய் எழுத அவன் கை உடன்படாதிருக்கட்டும். கொடை கொடுத்தால் குற்றம் கழிந்தது என்று மட்டும் எண்ண வேண்டா. நண்டையும் காத்து ஏரியையும் காக்க உங்கள் தாத்தா கற்பித்தாரே, அதை அவனுக்கும் கற்பியுங்கள்."

அவர் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கோடையில் அவன் வருவான். வரத்துக்காலைத் தூர் வாரச் சொல்கிறேன்" என்றார். அபிஷேகத்தைப் பற்றி அவர் மீண்டும் கேட்கவில்லை. நாமும் பேசவில்லை.

பெருமக்களே! அவருடைய வினா நம் ஒவ்வொருவருக்கும் உரியது. இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற சிலவற்றை நோன்பாக ஏற்கலாம். புதிதாகத் தோற்பொருள் வாங்குவதில்லை என்பது ஒன்று. சொந்த ஊர் ஏரியின் கரையை ஆண்டுக்கு ஒரு முறையேனும் குடும்பத்தோடு நடந்து பார்ப்பது ஒன்று. கசிவோ வளையோ ஆக்கிரமிப்போ கண்டால் ஊராருக்கும் உரியவர்க்கும் சொல்லலாம். தூர் வாரும்போது ஏரியை முழுதும் வறட்டாமல், மீனும் ஆமையும் தங்கும்படி ஒரு மடுவையும், பறவை தங்கும் மரங்களையும் விட்டுவைக்கச் சொல்வது ஒன்று. தீபாவளியன்று நீர்நிலைகளின் அருகில் வெடிக்காதிருப்பது ஒன்று.

இவை சிறியவை என்று எண்ணாதீர்கள். ஏரிக்கரை ஒரே நாளில் எழுந்ததன்று. ஒவ்வொரு கூடை மண்ணாக எழுந்தது. எழுந்த பின்னும் அது முடிந்த வேலையன்று. மழைதோறும் கரையும், கோடைதோறும் வெடிக்கும், ஆண்டுதோறும் ஒருவர் வந்து மண் அணைக்க வேண்டும். நோன்பும் அத்தகையதே. ஒரு முறை ஏற்றுக்கொண்டோம் என்று இருந்துவிட்டால் அதிலும் வளை விழும். அன்றாடம் நடந்து பார்த்து, உள்ளிருக்கும் உயிரை மெல்ல எடுத்துவிட்டு, வளையை அடைத்துக்கொண்டே இருப்போமாக.

மழை வருகிறது. கரைகளைக் காப்போம்.

வாழ்க ஜினதருமம்! வளர்க அஹிம்சை!